பிளசர் வண்டியும் அட்டாலியில் கிடந்த இரட்டைத் தொட்டியும்

எங்க பக்கத்துல எண்பது வயசு தாண்டினவங்க காரைக் கார்னு சொல்றது குறைவு. பிளசர் என்றுதான் சொல்வார்கள். "அவிய வூட்டுல அப்பவே பிளசர் நின்னுச்சு" என்றால் அது பெரிய பண்ணயம் என்று அர்த்தம். பஸ் டிக்கெட்டுக்கு, லாரி சுமைக்கு. வீட்டு ஆள் மட்டும் ஏறிப் போய் வருகிற வண்டியை இங்கிலீஷ்காரர்கள் பிளஷர் கார் என்றார்கள், அது நம்ம வாயில் பிளசர் ஆகிவிட்டது. பட்டணத்தில் இருந்து படிக்கிறவர்களுக்கு இந்த வார்த்தை புதுசாக இருக்கலாம் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கோயமுத்தூர் ஜில்லாவில் மோட்டார் வண்டியின் கதை பெரும்பாலும் 1920-களின் கதை. 1920-ல்தான் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழிலை ஆரம்பித்தார். கம்போடியா பருத்தி விளைந்த காடுகளில் காசு புழங்க ஆரம்பித்த காலமும் அதுதான். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-ல் பம்பாயில் கடை போட்டு, கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த சாமான்களை அங்கேயே பூட்டி, செவர்லெட் வண்டிகளாக இறக்கியது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் முழுசாகக் கப்பலில் வந்து இறங்கிய வண்டிகள்.

அந்த வண்டிகள் எல்லாம் எங்கே போச்சு என்று கேட்டால், பாதி நம்ம வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. வில்லுப் பட்டையைக் கொல்லன் பட்டறையில் காய்ச்சி அடித்தால் முதல் தரமான கொடுவாள். அச்சும் சக்கரமும் டயர் வண்டிக்கு. பித்தளை ஹாரனைப் பேரப் பிள்ளைகள் ஊதி உடைத்திருக்கும். இப்படிப் பயன்பட்டதெல்லாம் வேற பேரில் வாழ்ந்தது. எதுக்கும் பயன்படாத சாமான்தான் அப்படியே கிடக்கும், ஆனால் அது என்ன என்று சொல்ல ஆள் இருக்காது.

அப்படி ஒன்று பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி வீட்டில், போன தை மாசம் ஓடு மாற்றும்போது அட்டாலியில் இருந்து இறங்கியது. முக்கால் அடிக்குக் கொஞ்சம் கூட உயரம், அஞ்சு அங்குலம் விட்டம், உருண்டையான இரும்புத் தொட்டி. கறுப்புப் பெயிண்ட் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு மூடி, சுற்றிலும் திருகாணி. மூடியில் இரண்டு குழாய் வாய், நடுவில் ஒரு சின்ன திருகு மூடி. பக்கத்தில் வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து கீழே பார்க்கிற ஒரு குழாய். அடியில் ஒரு குழாய் வாயும், ஒரு குட்டிப் பித்தளைத் திருகுக் குழாயும். முதுகில் சுவரோடு சேர்த்து மாட்ட ஒரு பட்டை. பேர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டை மட்டும் மிச்சம். ஆட்டினால் உள்ளே எதுவோ தகரத்துக்குள் தகரம் மோதுகிற மாதிரி சத்தம், அதற்குள்ளே இன்னொரு கலகல சத்தம்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தர், பழைய காரின் லைட்டுக்குக் கார்பைடு காஸ் தயாரிக்கிற டப்பா என்றார். அது கெட்ட யோசனை இல்லை. பழைய வண்டிகளில் கார்பைடு கல்லின் மேல் தண்ணி சொட்ட விட்டு, வருகிற காஸைக் குழாயில் விளக்குக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். திருவிழாவில் காஸ் லைட் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கார்பைடு எரிந்தால் வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு மிஞ்சும். அதைத் தினமும் வழித்துக் கொட்டுவதற்குக் கை போகிற அளவு வாய் வேணும். இந்தத் தொட்டியின் மூடியை எடுக்கவே எட்டு திருகாணி கழற்ற வேண்டியிருந்தது.

இன்னொருத்தர், யுத்த காலத்துக் கரி வண்டியின் சாமான் என்றார். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது மதுரை டி.வி.எஸ் கரி காஸ் பிளான்ட் செய்து கொடுத்து, பஸ்கள் அடுப்புக் கரியில் ஓடின. பெரியவர்கள் அதை நன்றாக நினைவு வைத்திருக்கிறார்கள், அதனால் தெரியாத தொட்டி எதைப் பார்த்தாலும் கரி காஸ் என்பார்கள். ஆனால் கரி அடுப்பு என்பது ஆள் உயர டிரம். வடிகட்டியும் பெரிசு, குழாய்கள் கை மொத்தம். இந்தத் தொட்டியின் குழாய் வாயில் சுண்டு விரல் கூட நுழையாது. இவ்வளவு சின்னக் குழாயில் போவது காஸாக இருக்க முடியாது, திரவமாகத்தான் இருக்கணும் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

மூன்றாவதாக ஒரு ஆள் வந்தார், உள்ளூர் ஆள் இல்லை. வெள்ளைச் சட்டை, பைக். ஓடு மாற்ற வந்த ஆட்கள் மூலமாகச் சேதி போயிருக்கும் போல. மூடிக்குள்ளே இருப்பது இடி விழுந்த பித்தளைக் கலசம், இரிடியம் கலந்தது, அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் போகும், ஆனால் முதலில் டெஸ்டிங் செலவுக்கு 40,000 ரூபாய் வீட்டுக்காரர் கட்டணும், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பேப்பரில் மாசம் ஒரு தடவை வருகிற மோசடிதான் இது. ஆனாலும் பங்காளி மகன் மாட்டை விற்றுவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டான். கறவை மாடு அது.

அவனுடைய வீட்டுக்காரிதான் என்னைக் கூப்பிட்டது. "மாமா, நீங்க ஒருக்கா வந்து பாருங்க. இது என்னன்னு சொல்லிட்டீங்கன்னா இவரு அடங்கிருவாரு" என்றாள். "மோசடின்னு சொன்னா நம்ப மாட்டானா அம்மிணி?" என்றேன். "அது எனக்கும் தெரியும் மாமா. இல்லைன்னு சொன்னா பத்தாது. பின்ன என்னன்னு கேக்கறாரே" என்றாள். சரியான பேச்சு. தெரியாத சாமானுக்குப் பேர் வைக்காத வரைக்கும், எவன் வேண்டுமானாலும் அதற்குப் பேர் வைத்துவிடலாம்.

உடுமலையில் லேத் வைத்திருக்கிற அண்ணன் ஒருத்தர், அம்பது வருஷமாக லாரியும் ஜீப்பும் பிரித்துப் பூட்டினவர். அவரிடம் கொண்டுபோனோம். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊற வைத்து, எட்டு திருகாணியையும் சேதமில்லாமல் எடுத்தார். மூடியின் ஓரம் மட்டும் ரொட்டி மாதிரி உதிர்ந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூடியோடு சேர்ந்து உள்ளே இருந்து இன்னொரு தொட்டி வந்தது. தொட்டிக்குள் தொட்டி. உள் தொட்டியில் பித்தளையில் மூட்டம் போட்ட ஒரு உருளை, அதன் தண்டு மூடியில் இருக்கிற இரண்டு குட்டி வால்வுகளோடு சின்னச் சின்ன ஸ்பிரிங் வைத்துக் கோத்திருந்தது. உள் தொட்டியின் அடியில் ஒரு மடக்குக் கதவு, நம்ம புட்வால்வில் இருக்கிறதே, அதே மாதிரி. வெள்ளைச் சட்டைக்காரர் சொன்ன கலசம் அந்தப் பித்தளை உருளைதான்.

கிணறு வைத்திருக்கிற எந்த விவசாயிக்கும் இந்த மடக்குக் கதவைப் பார்த்ததும் பொறி தட்டும். ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு இருந்தால் அங்கே உறிஞ்சும் வேலை நடக்கிறது. மிதவை இருந்தால் அங்கே மட்டம் பார்க்கிற வேலை நடக்கிறது. உங்கள் வீட்டு மாடித் தொட்டியில் தண்ணி நிறைந்ததும் பந்து மேலே வந்து குழாயை அடைக்கிறது இல்லையா, அதே மிதவைதான் இது. ஆக இது எதையோ உறிஞ்சி, நிறைந்ததும் நிறுத்தி, கீழே விடுகிற சாமான். அடித் தொட்டியில் காய்ந்து ஒட்டியிருந்த அரக்கு மாதிரிப் பிசினை லேத் அண்ணன் சுரண்டி மோந்து பார்த்தார். பழைய பெட்ரோல் காய்ந்தால் அப்படித்தான் அரக்காகும். "பெட்ரோலை உறிஞ்சற டேங்க்கு. பம்பு வர்றதுக்கு முந்தினது" என்றார். அமெரிக்காவில் இதை வேக்குவம் டேங்க் என்பார்கள். இங்கிலாந்தில் இதே வேலையைச் செய்தது ஆட்டோவாக்.

பெட்ரோல் டேங்குக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய சமாச்சாரம் எதுக்கு என்று தோன்றும். மோட்டார் வண்டி வந்த புதிதில் இது உண்மையிலேயே தீராத தலைவலி.

முதலில் எல்லாரும் செய்தது மேட்டில் இருந்து பள்ளத்துக்குப் பாய்ச்சுவது. டேங்கை இஞ்சினை விட உயரத்தில் வைத்தால் பெட்ரோல் தானாக இறங்கும். 1908-ல் இருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி ஓடிய ஃபோர்டு மாடல் டி வண்டியில் ரொம்ப வருஷம் டேங்க் முன் சீட்டுக்கு அடியில்தான். சமதரையில் பிரச்சினை இல்லை. செங்குத்தான மேட்டில் ஏறும்போது மூக்கு தூக்கிக்கொள்ளும், டேங்கை விட இஞ்சின் உயரத்துக்குப் போய்விடும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் வாய்க்காலில் தண்ணி ஏறாத கதைதான். அதனால் மாடல் டி வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டு, பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றுவார்கள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதுதான் அந்தக் காலத்து டிரைவரின் கெட்டிக்காரத்தனம்.

டேங்கைப் பெரிசாக்கி வண்டியின் பின்னால் தாழ வைத்தால் இடமும் கிடைக்கும், சீட்டுக்கு அடியில் பெட்ரோலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டிய பயமும் இல்லை. ஆனால் பள்ளத்தில் இருப்பதை மேட்டுக்கு ஏற்றணும். அதற்கு ஒரு வழி, டேங்குக்குள் காற்றை அடித்து அழுத்தம் கொடுப்பது, மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் மாதிரி. ரோல்ஸ் ராய்ஸின் சில்வர் கோஸ்ட் வண்டிக்கே இந்த ஏற்பாடுதான். காலையில் வண்டி எடுக்கும் முன்னால் டிரைவர் கையால் காற்று அடிக்கணும், ஓட ஆரம்பித்தபின் இஞ்சினே ஒரு குட்டிப் பம்பால் அடித்துக்கொள்ளும். டேங்க் மூடியில் வாஷர் கொஞ்சம் தேய்ந்தால் போதும், காற்று போய் வண்டி நடுரோட்டில் நிற்கும். அதை விட மோசம், குழாயில் எங்காவது கசிவு வந்தால் அழுத்தத்தோடு பெட்ரோல் சூடான இஞ்சின் மேல் பீய்ச்சும்.

தள்ளுவதற்குப் பதில் இழுக்கலாமே என்பதுதான் அடுத்த யோசனை. ஓடுகிற இஞ்சின் எப்போதும் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற குழாயில் நல்ல உறிஞ்சு சக்தி சும்மா கிடக்கிறது. அதில் இருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து ஒரு தொட்டியில் விட்டால், தொட்டி பின்னால் இருக்கிற டேங்கில் இருந்து பெட்ரோலை இழுக்கும். இதை உருப்படியாகச் செய்து காட்டியவர் வெப் ஜே என்ற அமெரிக்கர். அவர் அதற்கு முன்னால் நீராவிக் கார் பந்தயக்காரர். விசிலிங் பில்லி என்று பேர் வைத்த ஒயிட் கம்பெனி நீராவி வண்டியை ஓட்டி, 1905-ல் பஃபலோ நகரத்துப் பந்தயத்தில் பெரிய விபத்தில் சிக்கிப் பிழைத்தவர். நீராவி வண்டியில் பேர் வாங்கினவர், கடைசியில் பெட்ரோலை ஏற்றுகிற தொட்டிக்குப் பேர் வாங்கினார். சிகாகோவில் வேகமானி செய்துகொண்டிருந்த ஸ்டூவர்ட் வார்னர் கம்பெனி அதைத் தயாரித்து விற்றது. 1910-களின் நடுவில் இருந்து அமெரிக்க வண்டிகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின.

இரட்டைத் தொட்டி ஏன் என்பதுதான் இதில் அழகு. உறிஞ்சுகிற தொட்டியில் இருந்து பெட்ரோல் கீழே இறங்காது, உறிஞ்சலே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறிஞ்சிக் குழாயில் தண்ணியை இழுத்து மேலே விரலை வைத்து அடைத்துப் பாருங்கள், தெரியும். அதனால் உள் தொட்டி உறிஞ்சும், வெளித் தொட்டி இஞ்சினுக்கு விடும். உள் தொட்டி காலியாக இருக்கும்போது மிதவை கீழே கிடக்கும், உறிஞ்சு வால்வு திறந்திருக்கும், பெட்ரோல் வந்து சேரும். நிறைந்ததும் மிதவை மேலே வரும், ஸ்பிரிங் டக்கென்று சொடுக்கி உறிஞ்சு வால்வை மூடிக் காற்று வால்வைத் திறக்கும். காற்று உள்ளே வந்ததும் உறிஞ்சல் விட்டுப்போகும், பெட்ரோல் தன் கனத்தால் மடக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளித் தொட்டிக்குப் போகும். மிதவை இறங்கும், திரும்ப முதலில் இருந்து. வெளித் தொட்டியில் எப்போதும் காற்று போய் வருவதற்குத்தான் அந்த வாத்துக் கழுத்துக் குழாய். தூசியும் மழையும் போகாமல் இருக்க அதைக் கீழே பார்த்து வளைத்திருக்கிறார்கள். கரண்ட் கிடையாது, சுற்றுகிற சாமான் கிடையாது. கமலை இறைக்கும்போது சால் மேலே வந்ததும் தானாகக் கவிழ்ந்து கொட்டிவிட்டுத் திரும்ப இறங்குகிற மாதிரிதான் இதுவும்.

மூடி நடுவில் இருந்த சின்னத் திருகு மூடி எதுக்கு என்று லேத் அண்ணன் கேட்கவே இல்லை, நான்தான் சொன்னேன். மோட்டாரில் தண்ணி இறங்கிப்போனால் நாம் என்ன செய்வோம்? மேலே திறந்து ஒரு குடம் ஊற்றி நிரப்பிவிட்டுப் போடுவோம். வண்டி ரொம்ப நாள் நின்று தொட்டி காய்ந்துபோனால் அந்த மூடியைத் திறந்து கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுவார்கள். இஞ்சின் ஓட ஆரம்பித்தால் அதுவே இழுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. இஞ்சின் சும்மா ஓடும்போது உறிஞ்சல் பலமாக இருக்கும், பாதரசக் கணக்கில் 18 அங்குலம், 20 அங்குலம் வரை. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் வாய் திறந்துவிடும், உறிஞ்சல் ஒன்றிரண்டு அங்குலத்துக்கு விழுந்துவிடும். ஒரு அங்குலப் பாதரசம் என்றால் தண்ணியை 13 அங்குலம் சொச்சம்தான் தூக்கும். பெட்ரோல் லேசு என்பதால் 18 அங்குலம் தூக்கும். பின்னால் தாழ இருக்கிற டேங்கில் இருந்து, அதுவும் மூக்கு தூக்கிய வண்டியில், 18 அங்குலம் பத்தாது. ஆக, இந்தத் தொட்டி எப்போது இழுக்காது என்றால், நீட்டு மலை ஏற்றத்தில் முழு மிதி மிதிக்கும்போது. இஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாக வேண்டிய நேரமே அதுதான். வெளித் தொட்டியில் இருக்கிற கையிருப்பு தீர்கிற வரைக்கும் ஓடும், பிறகு இருமும். விவரம் தெரிந்த டிரைவர் நடுநடுவே காலைத் தூக்கி, தொட்டி ஒரு மடக்கு உறிஞ்சட்டும் என்று விட்டு, திரும்ப மிதிப்பார். ஊட்டி மலையோ வால்பாறை மலையோ ஏறுகிற வண்டியில் இருந்திருந்தால் டிரைவர் கால் இதைத் தானாகக் கற்றுக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் கண்ணாடி துடைக்கிற வைப்பரையும் இதே உறிஞ்சலில்தான் பல வண்டிகளில் ஓட்டினார்கள். அதுவும் மேட்டில் படுத்துக்கொள்ளும், இறக்கத்தில் படபடவென்று அடிக்கும்.

1920-களின் கடைசியில் கேம் ஷாஃப்டால் ஆட்டி விடுகிற டயபரம் பம்ப் வந்தது. இஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு அடிக்கும், மேடு பள்ளம் அதற்குக் கிடையாது. பழைய ஜீப்பில் பார்த்திருப்பீர்கள். 1929-ல் வந்த ஆறு சிலிண்டர் செவர்லெட்டில் அந்தப் பம்ப்தான். அதற்கப்புறம் சில வருஷத்திலேயே அமெரிக்க வண்டிகளில் இந்தத் தொட்டி காணாமல் போனது. இங்கிலாந்து லாரிகளில், பஸ்களில் ஆட்டோவாக் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. மொத்தமாகப் பார்த்தால் காரில் இதன் ஆயுசு ஒரு பதினைந்து வருஷம் சொச்சம். அறுபது வயசு மெக்கானிக் கூட இதைப் பார்த்திருக்க மாட்டார் என்பதில் ஆச்சரியம் இல்லை.

இது அமெரிக்கச் சரக்கா, இங்கிலாந்துச் சரக்கா என்பதை லேத் அண்ணன் அடியில் இருந்த பித்தளைத் திருகுக் குழாயை வைத்துச் சொன்னார். அரைக்கால் அங்குலக் குழாய் மரை. நம்ம கடையில் கிடைக்கிற இங்கிலீஷ் மரையில் ஒரு அங்குலத்துக்கு 28 புரி, அமெரிக்க மரையில் 27. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. புதுசாக வாங்கின எல்போவை வைத்துத் திருகினார், இரண்டு சுற்று போய் இறுகிக்கொண்டது. திரெட் கேஜை எடுத்து 27 பல்லை வைத்தார், வெளிச்சம் தெரியாமல் உட்கார்ந்தது. ஒரு புரி வித்தியாசத்தில் தொட்டி அமெரிக்கா போய்விட்டது.

வீட்டு ஆத்தாவுக்கு எண்பத்தெட்டு வயசு. கல்யாணமாகி வந்தபோது வண்டி இல்லை, "செவர்லெட்டு நின்ன கொட்டாய்" மட்டும் இருந்தது என்கிறார். ஆனால் இஞ்சின் இருந்திருக்கிறது, கிணற்று மேட்டில். "பொறவு அந்த இஞ்சின வெச்சு உங்க அப்புச்சி தண்ணி எறச்சாரு. மேல உத்தரத்துல ஒரு டின்னு தொங்கும். அதுல இருந்து சீமெண்ணெ எறங்கும்" என்றார். இதுதான் முடிச்சு. வண்டியில் இருந்து இஞ்சினைக் கழற்றித் தரையில் கட்டிவிட்டால் மேடு பள்ளம் இல்லை, பின்னால் டேங்க் இல்லை. தலைக்கு மேல் ஒரு டின்னைத் தொங்கவிட்டால் போதும், மேட்டில் இருந்து பள்ளத்துக்கு. இந்தத் தொட்டிக்கு அங்கே வேலையே இல்லை. கழற்றி அட்டாலியில் போட்டிருக்கிறார்கள். பிறகு கரண்ட் வந்து கிணற்றில் மோட்டார் இறங்கியதும் இஞ்சின் இரும்புக்குப் போனது. அட்டாலியில் இருந்த தொட்டி யார் கண்ணிலும் படவில்லை.

இன்னும் மிச்சம் இருந்தது அந்தக் கலகல சத்தம். வெள்ளைச் சட்டைக்காரரின் மொத்த நம்பிக்கையும் அதில்தான், மூட்டம் போட்ட பித்தளைக்குள் என்ன இருக்கிறது என்று. லேத் அண்ணன் மிதவையை உடைக்கவில்லை. வெந்நீரில் முக்கினார். உள்ளே இருக்கிற காற்று சூட்டில் விரிந்து, ஓட்டை இருந்தால் குமிழி விடும். அடி விளிம்பில், பழைய ஈயப் பற்று ஒன்றின் ஓரத்தில் இருந்து சரம் சரமாகக் குமிழி வந்தது. எப்போதோ மிதவை ஓட்டையாகி, யாரோ ஈயம் பற்ற வைத்திருக்கிறார்கள். வைக்கும்போது ஒரு சொட்டு உள்ளே விழுந்து உருண்டையாகிவிட்டது. அதுதான் கலகல. மிதவை ஓட்டையானால் பெட்ரோல் ஏறிக் கனத்துப்போகும், மேலே வராது, உறிஞ்சு வால்வு மூடாது. இஞ்சின் காற்றோடு சேர்த்துப் பச்சைப் பெட்ரோலையே குடிக்கும், கரும்புகை கக்கும். அப்படிக் கக்கித்தான் ரிப்பேருக்குப் போயிருக்கணும். யாராவது இந்த மாதிரி மிதவையைப் பற்ற வைக்கப் போனால், உள்ளே இருக்கிற பெட்ரோலை முழுசாக வடித்து ஆவியும் போனபின் செய்யுங்கள். மூடின பாத்திரத்துக்குள் பெட்ரோல் ஆவி வெடிகுண்டுதான்.

பங்காளி மகன் இந்தக் குமிழியைப் பக்கத்தில் நின்று பார்த்தான். வரும் வழியில் அவன் பேசவில்லை. வியாழக்கிழமை சாயங்காலமே அவனே அந்த ஆளுக்குப் போன் போட்டு, "அது மிதவைங்க, ஈயம் பத்த வெச்சிருக்குது" என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பக்கம் பதிலில்லாமல் வைத்துவிட்டார்களாம். மாடு தொண்டுப்பட்டியில்தான் நிற்கிறது.

மூடி உதிர்ந்ததைச் சொல்கிறேன் என்றேனே. அது இரும்பும் இல்லை, அலுமினியமும் இல்லை, துத்தநாகத்தைக் காய்ச்சி அச்சில் வார்த்தது. அந்தக் காலத்துத் துத்தநாக வார்ப்பில் ஈயம் மாதிரிக் கலப்படம் கொஞ்சம் இருந்தாலும், வருஷம் போகப் போக உள்ளுக்குள்ளேயே ஊதி, வெடித்து, மாவாகிவிடும். கதவுக் கைப்பிடி, கார்புரேட்டர், பொம்மை ரயில் என்று அந்தக் காலத்து வார்ப்பு எல்லாவற்றுக்கும் இந்த வியாதி உண்டு. 1920-களின் கடைசியில் சுத்தமான துத்தநாகத்தை வைத்து வார்க்க ஆரம்பித்த பிறகுதான் குறைந்தது. உலகம் முழுக்க இந்தத் தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கு முதல் தொல்லை மூடிதான். மூடியில் விரிசல் விழுந்தால் காற்று நுழைந்து உறிஞ்சலே நடக்காது. உங்கள் பாட்டன் வீட்டு அட்டாலியில் இப்படி ஒன்று கிடந்தால் மூடியை நெம்பாதீர்கள், ஊற வைத்துத் திருகாணியை மட்டும் எடுங்கள்.

லேத் அண்ணன் இப்போது அலுமினியத்தில் புது மூடி ஒன்று கடைந்துகொண்டிருக்கிறார். எட்டு ஓட்டையும் போட்டாகிவிட்டது, 27 புரி மரை வெட்டுகிற டேப் மட்டும் கோயமுத்தூரில் இருந்து வரணும்.